மலிவான பீர் கிட்டுடன் கூடுதலாக எதைச் சேர்த்தால் சுவை உயரும்?

கேள்வி: புதுக்குவளை

வணக்கம் நண்பர்களே.

வீட்டிலேயே பீர் காய்ச்சுவதற்கென்று விற்கப்படும் கிட்களில் மிக மலிவான வகையைத்தான் நான் வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்கள்) ஏற்கெனவே சேர்க்கப்பட்ட மால்ட் சாறு (முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து எடுத்து இறுக்கியது) 1.7 கிலோ கொண்ட ஒரு டின், அதன் மூடிக்கடியில் ஒரு சிறிய ஈஸ்ட் பொட்டலம், ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து 23 லிட்டர் வரை தண்ணீர் ஊற்றச் சொல்லும் ஒரு குறிப்புத் தாள், அவ்வளவுதான் அதில் இருப்பவை. குறிப்பில் உள்ளபடியே, பாத்திரங்களையெல்லாம் கிருமிநீக்கம் செய்து, கவனமாகத்தான் தயாரிக்கிறேன். பீர் கெட்டுப்போவதில்லை, நுரையும் வருகிறது. ஆனால் வாயில் வைத்தால் கனமே இல்லாமல் தண்ணீராக இறங்கிவிடுகிறது. விழுங்கிய பிறகு பச்சை ஆப்பிளை நினைவூட்டும் ஒரு வாடை நாக்கில் தங்குகிறது. ஹாப்ஸ் மணம் என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை.

முழுத் தானியத்திலிருந்து தொடங்கும் முறைக்கு மாற என்னிடம் இடமும் இல்லை, பெரிய கலன்களும் இல்லை. ஐந்து லிட்டர் பிடிக்கும் ஒரு எவர்சில்வர் பாத்திரம், 25 லிட்டர் நொதிகலன், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு வெப்பமானி ஆகியவை இருக்கின்றன. இந்த டின்னையே அடிப்படையாக வைத்துக்கொண்டு கூடுதல் பொருள்களைச் சேர்த்து அதை உயர்த்த முடியுமா என்பதே என் கேள்வி. தேன், பழுப்புச் சர்க்கரை, ஓட்ஸ், ஆரஞ்சுத் தோல், காபி என்று பலவற்றைப் படித்து வைத்திருக்கிறேன். எதை, எவ்வளவு, எந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டும், எதை முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். நான் வாங்குவது செம்பழுப்பு நிறத்தில் வரும் பிட்டர் வகை ஏல் (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர்) கிட்.

பதில்: பார்லிமணி

புதுக்குவளை அவர்களுக்கு வணக்கம். தேனையும் காபியையும் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள். முதலில் கைவைக்க வேண்டியது அந்த ஒரு கிலோ சர்க்கரையில்தான்.

கணக்கைப் பாருங்கள். 1.7 கிலோ மால்ட் சாற்றை 23 லிட்டரில் கரைத்தால் ஹைட்ரோமீட்டர் ஏறத்தாழ 1.022 காட்டும் (வெறும் தண்ணீருக்கு 1.000; அதற்கு மேல் ஒவ்வொரு 0.001-உம் ஒரு புள்ளி). அதில் ஒரு கிலோ சர்க்கரையையும் கரைத்தால் மேலும் 17 புள்ளிகள் கூடி 1.039 ஆகும். ஆக, ஈஸ்டுக்கு நீங்கள் கொடுக்கும் உணவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வெறும் சர்க்கரை. சர்க்கரை முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகவும் வாயுவாகவும் மாறிவிடும். பின்னால் எதையும் விட்டுவைக்காது. மால்ட்டில் இருப்பதோ வேறு. அதில் ஈஸ்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின்கள் உண்டு, நுரையைத் தாங்கி நிறுத்தும் புரதங்கள் உண்டு, ஈஸ்ட் நலமாகப் பெருகுவதற்கு வேண்டிய அமினோ அமிலங்களும் உண்டு. உங்கள் பீர் தண்ணீராக இறங்குவதற்குக் காரணம் டின்னின் மலிவு என்று நீங்கள் எண்ணக்கூடும். டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் நல்ல சாறுதான். குறிப்புத் தாள்தான் அதைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து விடுகிறது.

ஆகவே, சர்க்கரைக்கு மாற்றாக ஒரு கிலோ உலர் மால்ட் தூளைச் சேருங்கள். ஹாப்ஸ் கலக்காத, வெளிர்நிற வகை போதும். பாலில் கலந்து குடிப்பதற்காக விற்கப்படும் மால்ட் பானப் பொடிகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றில் பால் பொடியோ கோக்கோவோ கலந்திருக்கும். தொடக்க அடர்த்தி முன்புபோலவே 1.038 அளவில் இருக்கும், ஆனால் நொதித்து முடியும்போது 1.007-க்கு இறங்காமல் 1.010 அருகில் நின்றுவிடும். அந்த மூன்று நான்கு புள்ளிகள்தான் வாயில் கனமாக உணரப்படுகின்றன. ஆல்கஹால் 4.2 சதவீதத்திலிருந்து 3.7 அளவுக்குக் குறையும். அது உங்களுக்குக் குறையாகத் தோன்றினால், 23 லிட்டருக்குப் பதிலாக 20 லிட்டரோடு தண்ணீரை நிறுத்திக்கொள்ளுங்கள். அடர்த்தி 1.044 ஆகும், ஆல்கஹாலும் பழைய அளவைத் தாண்டும், டின்னில் உள்ள கசப்பும் அதற்கேற்பச் செறிந்து, கூடிய மால்ட் இனிப்புக்கு ஈடுகொடுக்கும். செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றங்களில் தண்ணீரைக் குறைப்பதற்கு இணையாக எதையும் நான் சொல்லமாட்டேன்.

மால்ட் தூளின் விலை உறுத்தினால் பாதி தூள், பாதி சர்க்கரை என்று கலந்தாலும் வேறுபாடு தெளிவாகத் தெரியும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் தூள்) வாங்கினால் சுவை மாறிவிடும் என்று பலரும் சொல்வார்கள். இரண்டுமே முழுதாக நொதிப்பவை என்பதால், கனத்தைப் பொறுத்தவரை பணத்தை அதில் செலவிடுவதில் பயனில்லை. நீங்கள் கேட்ட தேனும் பழுப்புச் சர்க்கரையும் இதே குடும்பம்தான். தேனில் உள்ள இனிப்பு ஏறத்தாழ முழுவதும் நொதித்துவிடும்; எஞ்சுவது மெல்லிய மணம் மட்டும், அதையும் கொதிக்கவைத்தால் இழந்துவிடுவீர்கள். பழுப்புச் சர்க்கரை 200 கிராம் அளவில் பிட்டர் வகைக்கு ஒரு பாகு வாசனையைக் கொடுக்கும். அதற்கு மேல் போனால் மறுபடியும் மெலிவுதான்.

இனிப்பில்லாமல் கனம் மட்டும் வேண்டுமென்றால் மால்டோடெக்ஸ்ட்ரின் 250 கிராம் சேர்க்கலாம். அதன் பெரும்பகுதியை ஈஸ்ட் தொடாது. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸையும் ஈஸ்ட் உண்ணாது, ஆனால் அது இனிப்பையும் தரும் என்பதால் ஸ்டவுட் என்னும் கறுத்த பீர் வகைக்கே பொருந்தும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் குடிக்கப்போகும் பீரில் அதைச் சேர்க்கக் கூடாது.

மால்ட் தூளைக் கையாளும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே பையைக் கவிழ்த்தால், ஏறிவரும் ஆவியில் தூள் பையின் வாயிலேயே இளகிப் பிசினாகிவிடும். தப்பி விழுவதும் வெளியே கோந்தும் உள்ளே உலர்ந்த தூளுமாக உருண்டைகட்டி மிதக்கும். கரண்டியால் குத்தினால் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். குளிர்ந்த நீரில் தூளைத் தூவி, விஸ்க்கால் கலக்கி, பிறகு அடுப்பில் ஏற்றினால் இந்தத் தொல்லையே கிடையாது. முதல் கொதி வரும்போது நுரை சட்டென்று விளிம்பு வரை எழும். அந்த இரண்டு மூன்று நிமிடமும் அடுப்பை விட்டு நகராதீர்கள். பாத்திரத்தை மூடவும் வேண்டாம்.

பதில்: நொதிகலன்

பார்லிமணி அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை; வரிசையில் மட்டும் மாறுபடுகிறேன். கேள்வியில் உள்ள பச்சை ஆப்பிள் வாடையை நாம் கடந்துபோய்விடக் கூடாது. அது அசிட்டால்டிஹைடின் அடையாளம். சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் வழியில் ஈஸ்ட் இடைப்பொருளாக உருவாக்குவது அது. நலமான ஈஸ்ட், போதிய அவகாசம் கிடைத்தால், கடைசியில் அதைத் தானே மீண்டும் எடுத்துக்கொண்டுவிடும். ஈஸ்ட் களைத்துப்போனாலோ அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தாலோ அது பீரிலேயே தங்கிவிடும். சர்க்கரை கூடுதலாக இருப்பது ஈஸ்டின் களைப்புக்கு ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனாலும் மால்ட்டை எவ்வளவு உயர்த்தினாலும் ஈஸ்டையும் வெப்பத்தையும் கவனிக்காவிட்டால் அந்த வாடை போகாது.

டின்னின் மூடிக்கடியில் இருக்கும் பொட்டலத்தில் 5 முதல் 7 கிராம் வரைதான் ஈஸ்ட் இருக்கும். டின் எத்தனை மாதம் கிடங்கில் வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்ததோ, அத்தனை மாதம் அந்த ஈஸ்டும் அங்கேயே கிடந்திருக்கிறது. லேகர் (குளிரில் நொதிக்கவிடும் பீர்) என்று எழுதப்பட்ட பல கிட்களில்கூட ஏல் ஈஸ்ட்தான் வைக்கப்படுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். தனியாக விற்கும் உலர் ஏல் ஈஸ்ட் பொட்டலம் 11 கிராம் அளவில் கிடைக்கும். உங்கள் பிட்டர் வகைக்கு சேஃபேல் எஸ்-04 அல்லது நாட்டிங்காம் நன்றாகப் பொருந்தும். இரண்டும் நொதித்து முடிந்ததும் இறுகி அடியில் படிந்து, பீரைத் தெளியவைக்கும். ஹாப்ஸ் மணம் முன்னால் நிற்க வேண்டுமென்றால், தன் சுவையை அதிகம் காட்டாத யுஎஸ்-05 நல்லது. பழைய பொட்டலத்தை வீணாக்க மனமில்லையென்றால், மால்ட் கரைசலைக் கொதிக்கவைக்கும்போது அதையும் கொட்டிவிடுங்கள். இறந்த ஈஸ்ட் உயிருள்ள ஈஸ்டுக்கு உணவாகும்.

அடுத்தது வெப்பம். குறிப்புத் தாள்கள் பலவற்றில் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வெப்பத்தில் நொதித்தல் நடக்கும், விரைவாகவே நடக்கும். ஆனால் தேவையற்ற பழ வாடைகளும், தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களும் கூடவே பிறக்கும். ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி வரை வைத்துக்கொள்வது நல்லது. நொதித்தல் மும்முரமாக நடக்கும் முதல் மூன்று நாள்களில், உள்ளே இருக்கும் திரவம் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடேறியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அறையின் வெப்பமானி 22 காட்டினால் கலனுக்குள் 25-க்கு மேலும் இருக்கலாம்.

குளிர்பதன வசதி இல்லாதவர்கள் கலனை அகலமான தண்ணீர்த் தொட்டியில் பாதியளவு மூழ்கும்படி வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போட்டு வரலாம். கலனைச் சுற்றி ஈரத்துணியைப் போர்த்தி, அதன் நுனி தொட்டித் தண்ணீரில் தொங்கும்படி விட்டால், துணி தானாகவே நீரை உறிஞ்சி ஆவியாக்கிக் குளிர்விக்கும். எதைச் செய்தும் வெப்பத்தைக் குறைக்க முடியாத இடமென்றால், நார்வேயின் பண்ணை வீடுகளில் வழிவழியாகப் பேணப்பட்ட குவைக் வகை ஈஸ்டை வாங்குங்கள். 30 டிகிரிக்கு மேலும் சுத்தமாக நொதிக்கும் இயல்பு அதற்கு உண்டு.

ஈஸ்டைத் தூவுவதற்கு முன், குளிர்ந்த மால்ட் கரைசலை நன்றாகச் சிலுப்பிக் காற்றேற்றுங்கள். பீரின் வாழ்நாளில் காற்று நன்மை செய்யும் ஒரே நேரம் அதுதான். பிறகு இரண்டு வாரம் தொடாதீர்கள். குமிழி நின்றுவிட்டது என்பதற்காக ஐந்தாம் நாளே பாட்டிலில் அடைப்பவர்களுக்குத்தான் பச்சை ஆப்பிள் கிடைக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழாய் நீரில் குளோரின் இருந்தால், அது மால்ட்டில் உள்ள பொருள்களோடு சேர்ந்து மருந்துக்கட்டு வாடையை உண்டாக்கும். மிகச் சிறிய அளவிலேயே நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். கொதிக்கவைத்து ஆறவிட்டால் குளோரின் போய்விடும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த நீரென்றால் கொதிக்கவைப்பது போதாது. 23 லிட்டருக்கு அரை கேம்டன் மாத்திரையை (சல்ஃபைட் மாத்திரை) பொடித்துக் கரைத்துவிடுங்கள்.

புதுக்குவளை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் சாதாரணமாக ஏழாம் நாள் பாட்டிலில் அடைத்து வந்தேன் என்பதால், ஆப்பிள் வாடைக்கான விளக்கம் எனக்குப் பொருந்துகிறது. என் அறை 24 டிகிரியில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி முறையை இந்த முறை செய்து பார்க்கிறேன். மால்ட் தூளுக்கும் சொல்லிவிட்டேன்.

மணத்தைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஹாப்ஸைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாமா? டின்னில் கசப்பு ஏற்கெனவே இருக்கிறதே, கூடிவிடாதா? தானியங்களைப் பையில் கட்டி ஊறவைப்பது என்று ஒரு முறையைப் படித்தேன். அது என் ஐந்து லிட்டர் பாத்திரத்தில் நடக்குமா?

பதில்: ஹாப்ஸ்கொடி

நடக்கும். கிட் பீரையும் முழுத் தானிய பீரையும் அருகருகே வைத்தால் பலரால் பிரித்துச் சொல்ல முடியாத நிலைக்குக் கொண்டுசெல்வது அந்த ஐந்து லிட்டர் பாத்திரம்தான் என்று உறுதியாக நம்புகிறேன். டின்னில் அடைத்த சாறு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஆவியாக்கும்போதும் கிடங்கில் இருக்கும்போதும் அதன் புதுமணம் போய்விடுகிறது. புதிதாக உடைத்த தானியமும் புதிய ஹாப்ஸும் அதைத்தான் திரும்பக் கொடுக்கின்றன.

ஊறவைப்பதற்கு ஏற்றது கிரிஸ்டல் மால்ட். இதன் மணியில் உள்ள மாவுச்சத்து, தயாரிப்பின்போதே தோலுக்குள் சர்க்கரையாக மாற்றப்பட்டு, வறுக்கப்பட்டுவிடுகிறது. வெறும் வெந்நீரிலேயே சுவையும் நிறமும் இறங்கிவிடும். உங்கள் பிட்டருக்கு நடுத்தர நிறமுள்ள கிரிஸ்டல் 250 கிராம் போதும். உடைத்தே வாங்குங்கள். உடைக்காமல் கிடைத்தால், தடித்த பையில் போட்டுப் பூரிக்கட்டையால் உருட்டுங்கள். ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்றாக விரிய வேண்டும், உமி முழுதாக இருக்க வேண்டும். மிக்சியில் மாவாக்கிவிட்டால் வடிகட்டவும் முடியாது, உமியின் துவர்ப்பும் இறங்கும்.

இரண்டரை லிட்டர் நீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, தானியத்தை மெல்லிய துணிப்பையில் தளர்வாகக் கட்டி உள்ளே விடுங்கள். 65 முதல் 70 டிகிரிக்குள் அரை மணி நேரம் இருக்கட்டும். தேநீர் வடிப்பது போன்ற எளிய வேலைதான் இது. வெப்பத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும், ஏனென்றால் 77 டிகிரியைத் தாண்டினால் உமியிலிருந்து டானின் இறங்கி, நாக்கின் ஓரங்களைச் சுருக்கும் துவர்ப்பைத் தரும். பையை நீரில் விட்டதுமே சுற்றிலும் செம்பழுப்பு இழைகள் பிரிந்து இறங்குவதைப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் கருகிய சர்க்கரையும் வறுத்த ரொட்டி ஓரமும் கலந்த மணம் எழும். அரை மணி நேரம் கழித்துப் பையைத் தூக்கி, மேலே ஒரு குவளை வெந்நீர் ஊற்றி, வடியவிட்டு எடுத்துவிடுங்கள்.

இப்போது பாத்திரத்தில் இருக்கும் கரைசலை ஆறவிட்டு, அதில் மால்ட் தூள் 250 கிராமைக் கலந்து, பிறகு கொதிக்கவிடுங்கள். பொங்கி அடங்கியதும் 20 முதல் 25 கிராம் ஹாப்ஸைப் போட்டுப் பத்து நிமிடம் கொதித்த பின் அடுப்பை அணையுங்கள். மீதமுள்ள மால்ட் தூளையும் டின்னில் உள்ள சாற்றையும் அணைத்த பிறகே கரைக்க வேண்டும். டின்னைக் கால் மணி நேரம் வெந்நீரில் நிறுத்திவைத்தால் சாறு இளகி எளிதாக வழியும். ஒட்டியிருப்பதையும் வெந்நீர் ஊற்றிக் கழுவிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாப்ஸ் ஏற்றிய டின் சாற்றைக் கொதிக்கவைப்பதால் எந்த லாபமும் இல்லை; நிறம் கறுக்கும், எஞ்சியிருக்கும் சிறிது மணமும் ஆவியோடு போய்விடும்.

கசப்பு கூடிவிடாதா என்று கேட்டீர்கள். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீண்ட நேரம் கொதித்தால்தான் உருமாறிக் கசப்பைத் தரும். வழக்கமாகக் கசப்புக்கென்று சேர்க்கும் ஹாப்ஸ் ஒரு மணி நேரம் கொதிக்கிறது. பத்து நிமிடத்தில் கிடைக்கும் கசப்பு சொற்பம். அந்தச் சொற்பமும், நீங்கள் சர்க்கரையை நீக்கி மால்ட்டைக் கூட்டியிருப்பதால், வேண்டியதாகவே இருக்கும். பத்து நிமிடக் கொதியில் சுவை கிடைக்கும். மணம் வேண்டுமென்றால் கொதிக்கவே விடக் கூடாது. நொதித்தல் அடங்கிய பின், கலனிலேயே 30 முதல் 40 கிராம் ஹாப்ஸைப் போட்டு மூன்று முதல் ஐந்து நாள் ஊறவிடுங்கள். ட்ரை ஹாப்பிங் என்று சொல்வது இதைத்தான். அதற்கு ஹாப்ஸைக் கிருமிநீக்கம் செய்யத் தேவையில்லை. ஆல்கஹாலும் ஹாப்ஸின் இயல்பும் கிருமிகளைக் கட்டுப்படுத்திவிடும். பை பயன்படுத்தினால் அதை மட்டும் கொதிக்கவைத்து, உள்ளே ஏதேனும் எவர்சில்வர் எடை வையுங்கள், இல்லாவிட்டால் மேலேயே மிதக்கும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் புல் வாடை ஏறும்.

எந்த ஹாப்ஸ் என்பது பீரின் குணத்தைப் பொறுத்தது. பிட்டர் வகைக்கு ஆங்கிலேய வகைகளான ஈஸ்ட் (கிழக்கு) கென்ட் கோல்டிங்ஸும் ஃபகிள்ஸும் மண் மணத்தோடும் மெல்லிய பூ மணத்தோடும் இயல்பாகப் பொருந்தும். பம்ப்ளிமாஸ் போன்ற சிட்ரஸ் மணம் விருப்பமென்றால் காஸ்கேட். 1972-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட இந்த வகைதான் அந்நாட்டின் பேல் ஏல்களுக்கு அவற்றின் தனி முகத்தைக் கொடுத்தது. லேகர் கிட் வாங்கும் நாளில் செக் நாட்டின் சாட்ஸ் வகையை நினைவில் வையுங்கள். எதை வாங்கினாலும் பச்சை நிறம் மங்காததாக, காற்று நீக்கி அடைத்ததாக இருக்க வேண்டும். பிரித்த பொட்டலத்தை இறுக்கி மூடி ஃப்ரீசரில் வையுங்கள். பழையதாகிப்போன ஹாப்ஸ் பாலாடைக்கட்டி வாடை அடிக்கும்.

ஓட்ஸைக் கிரிஸ்டல் மால்ட்டைப்போல வெறுமனே ஊறவைக்கக் கூடாது. அதில் மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. ஊறவைத்தால் பீர் கலங்கும், மற்றபடி பயன் சிறிது. 250 கிராம் ஓட்ஸோடு அதே எடையோ சற்றுக் கூடுதலாகவோ உடைத்த வெளிர் மால்ட்டைச் சேர்த்து, 66 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், மால்ட்டில் உள்ள என்சைம்கள் ஓட்ஸின் மாவுச்சத்தையும் சேர்த்துச் சர்க்கரையாக்கிவிடும். பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி வைத்தாலே வெப்பம் நிற்கும். ஸ்டவுட் கிட்டுக்கு இது மிக நல்ல சேர்க்கை, பிட்டருக்கு அவசியமில்லை.

ஆரஞ்சுத் தோலும் மெல்ல நசுக்கிய கொத்தமல்லி விதையும் பெல்ஜிய விட் எனும் கோதுமை பீர் வகைக்கு உரியவை. கோதுமை கிட் வாங்கும்போது, தோலின் வெள்ளைப் பகுதியை நீக்கிவிட்டு, கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் சேருங்கள். காபியை ஸ்டவுட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்த சாற்றைப் பாட்டிலில் அடைக்கும் நாளில் சுவைபார்த்துச் சேர்ப்பது, கொதிக்கவைப்பதைவிட மென்மையாக இருக்கும். செம்பழுப்பு பிட்டரில் இவை மூன்றையும் நான் சேர்க்கமாட்டேன்.

பதில்: அடிவண்டல்

நல்ல விளக்கங்கள். பாதுகாப்பு பற்றி எவரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

கூடுதல் பொருள் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் நொதித்தல் முடிவதற்கான நாள்களின் பழைய கணக்கு செல்லாது. தேனையோ பழத்தையோ இடையில் சேர்த்தால் நொதித்தல் மறுபடியும் தொடங்கும். ட்ரை ஹாப்பிங்கிலும் இது உண்டு. ஹாப்ஸில் சிறிதளவு என்சைம்கள் இருக்கின்றன. அவை ஈஸ்ட் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரின்களை உடைத்துப் புதிதாகச் சர்க்கரை உண்டாக்க, அடங்கியிருந்த ஈஸ்ட் மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும். அந்த நிலையில் பாட்டிலில் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கும். ஆகவே, ஹாப்ஸ் போட்ட பின்பும் ஹைட்ரோமீட்டரால் அளந்து, மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண் வந்தால் மட்டுமே அடையுங்கள். குமிழியை நம்பாதீர்கள், மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் குமிழியே வராது, அறையின் வெப்பம் கூடினால் நொதித்து முடிந்த பீரிலும் குமிழி வரும்.

பாட்டிலில் வாயு உண்டாவதற்கான சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம் போதும். 20 லிட்டருக்கு 120 கிராம் ஆகிறது. ஒவ்வொரு பாட்டிலிலும் கரண்டியால் போடுவதைவிட, சிறிது நீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, சுத்தமான மற்றொரு கலனில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியாகச் சலசலப்பின்றி இறக்கினால் எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவாக அமையும். குழாயின் முனை திரவத்துக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். நொதித்து முடிந்த பீரில் காற்று கலந்தால், சில வாரங்களில் ஈரமான அட்டைப்பெட்டி வாடை வந்து, நீங்கள் செலவழித்துச் சேர்த்த ஹாப்ஸ் மணம் மறைந்துவிடும்.

பழுப்புநிறப் பாட்டில்களையே பயன்படுத்துங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள்மீது வெளிச்சம் பட்டால் துர்நாற்றமுள்ள கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகும். பச்சைக் கண்ணாடியோ நிறமற்ற கண்ணாடியோ அதைத் தடுக்காது. வாயு நிறைந்த பானங்களுக்கான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றிலாவது சேர்த்து அடைத்துவையுங்கள். அதை அழுத்திப் பார்த்தே மற்றவற்றுக்குள் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் பீர் காய்ச்சுவது எல்லா இடங்களிலும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதல்ல. படிப்பவர்கள் தத்தம் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

புதுக்குவளை

நால்வருக்கும் நன்றி. படித்ததை வைத்து ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். பிட்டர் டின் ஒன்று, மால்ட் தூள் ஒரு கிலோ, கிரிஸ்டல் 250 கிராம், கோல்டிங்ஸ் 25 கிராம் பத்து நிமிடக் கொதியில், இன்னும் 30 கிராம் ட்ரை ஹாப்பிங்குக்கு, எஸ்-04 ஈஸ்ட், மொத்தம் 20 லிட்டர், 19 டிகிரி. எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் முறையா?

பதில்: பார்லிமணி

திட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. நொதிகலன் அவர்கள் வரிசை பற்றிச் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆப்பிள் வாடை உள்ளவருக்கு ஈஸ்டும் வெப்பமும் முதலில் வர வேண்டியவைதான்.

மால்ட், ஈஸ்ட், வெப்பம் ஆகிய மூன்றையும் பிரித்துச் சோதிப்பதில் காலத்தைச் செலவிட வேண்டாம். அவை மூன்றும் இனி உங்கள் அடிப்படை. மலிவான டின்னுக்கு அவை எப்போதும் தேவை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை கிரிஸ்டல் மால்ட்டும் ஹாப்ஸும்தான், ஏனென்றால் அவற்றின் அளவு உங்கள் நாக்கைப் பொறுத்தது. இந்த முறை கிரிஸ்டலை விட்டுவிட்டு, கொதியில் போடும் 25 கிராம் ஹாப்ஸோடு தயாரியுங்கள். இரண்டாம் முறை கிரிஸ்டலைச் சேருங்கள். முதல் முறைப் பாட்டில்களில் நான்கை எடுத்துவைத்திருந்தால் இரண்டையும் ஒன்றாகத் திறந்து சுவைத்துப் பார்க்கலாம்.

ட்ரை ஹாப்பிங்கை ஒரே முறையிலேயே ஒப்பிட முடியும். நொதித்தல் அடங்கியதும் ஐந்து லிட்டரைச் சிறிய கலன் ஒன்றுக்குக் குழாய் வழியாக மாற்றி, அதில் மட்டும் எட்டு கிராம் ஹாப்ஸ் போடுங்கள். சிறிய கலன் கழுத்துவரை நிறைய வேண்டும். மேலே இடைவெளி இருந்தால் காற்று கெடுத்துவிடும். இரண்டு கலன்களையும் தனித்தனியாக அளந்து பார்த்துத்தான் அடைக்க வேண்டும், ஏனென்றால் அடிவண்டல் சொன்னபடி ஹாப்ஸ் போட்டதில் அடர்த்தி இன்னும் ஓரிரு புள்ளிகள் இறங்கக்கூடும்.

அடைத்த பாட்டில்களில் எது எதுவென்று மூடியிலேயே குறித்துவிடுங்கள். 20 டிகிரி அளவில் இரண்டு வாரம் இருட்டில் வைத்து, வாயு ஏறியதா என்று ஒன்றைத் திறந்து பாருங்கள். ஏறியிருந்தால் மற்றவற்றைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றிவிடலாம். ஹாப்ஸ் போட்டவற்றை முதலில் குடித்துவிடுங்கள், ஏனெனில் அந்த மணம் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் நிற்காது. கிரிஸ்டல் சேர்த்த பிட்டரோ ஆறாவது வாரத்துக்கு மேல்தான் நன்றாகப் பக்குவப்படும்.